1099-இல் கட்டிய கடையும் நான் தலைகீழாகச் செய்த வேலையும்

எங்கள் தாத்தா நாகர்கோவில் கோட்டாறில் கட்டிய கடையின் வாசல் உத்திரத்தில் 1099 என்று செதுக்கியிருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் கடை ராஜராஜ சோழன் காலத்துக்குக் கொஞ்சம் பிந்தியது என்று பள்ளிக்கூடத்தில் அளந்து விட்டிருக்கிறேன். கொல்லம் ஆண்டு என்று ஒன்று உண்டு, அதோடு 825ஐக் கூட்டினால்தான் நாம் எழுதும் வருஷம் வரும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அதாவது 1924. கேரளத்தில் இன்றைக்கும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று பேசுகிறார்களே, அந்த வெள்ளம் வந்த வருஷம். அதனாலோ என்னவோ தாத்தா தரையை மூன்று படி உயரத்தில் வைத்தார். இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. மற்ற இரண்டும் தார் ரோட்டுக்கு அடியில் கிடக்கின்றன. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் தெரு உயர்ந்துகொண்டே வரும், கடை தாழ்ந்துகொண்டே போகும்.

கீழே மூன்று கடை அறைகள், நம்பர் போட்ட நிரைப்பலகைகளை வரிசையாகச் செருகிப் பூட்டும் பழைய மாதிரி. மேலே மரத்தளம் போட்ட மச்சு. பின்னால் ஒரு முற்றமும் கிணறும். அப்பா காலம் வரை சுக்கு, மிளகு, கருப்பட்டி மொத்த வியாபாரம். நடு அறை மட்டும் ஒரு தையல்காரரிடம் வாடகைக்கு இருந்தது. 2009-இல் அப்பா போனதோடு எங்கள் அறைகளில் பலகை செருகியது, பிறகு யாரும் எடுக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மேற்குப் பக்கத்து ஓடுகள் கொத்தாகப் பறந்தன. மேலே தார்ப்பாய் விரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். கம்போளத்தை, அதாவது சந்தையைச் சுற்றி இப்படி எத்தனையோ கட்டடங்கள். கீழே ஒரு அறையில் பல்ப் எரியும், மேலே ஆலங்கன்று முளைத்திருக்கும்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்த்தேன். 22 வருஷம் தினமும் ரயில். 2021 கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கினேன், கையில் கொஞ்சம் பணம் வந்தது. அதே சமயம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பழைய மரச்சாமான் வாங்கும் ஒருவர் வந்து, கதவு, நிலை, மச்சுத் தூண் எல்லாம் சேர்த்து 2 லட்சம் தருகிறேன் என்றார். கட்டடம் வேண்டாம், மரம் மட்டும் போதுமாம். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விற்க மாட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த ரோஷத்தில் ஒரு நோட்டை எடுத்து வேலைகளை வரிசை போட்டு எழுதியிருந்தால் நிறையப் பணம் மிச்சமாகியிருக்கும். நான் செய்தது வேறு. கோட்டைக் கொச்சிக்குப் போனேன்.

அங்கே ஆஸ்பின்வால் ஹவுஸ், பெப்பர் ஹவுஸ் எல்லாம் ஒரு காலத்தில் மிளகும் இஞ்சியும் அடைத்துக் கிடந்த கிட்டங்கிகள்தான். 2012-இல் பினாலே கலைவிழா தொடங்கியபோது அவற்றைக் கண்காட்சி இடமாக்கினார்கள். பெப்பர் ஹவுஸ் முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்தபோது, நம்முடையதும் மிளகுக் கிட்டங்கிதானே என்று தோன்றிவிட்டது. திரும்பி வரும் ரயிலிலேயே ‘ஹெரிடேஜ் கஃபே’ என்று பெயர் வைத்தாயிற்று. திருவனந்தபுரத்தில் ஒரு கட்டடக்கலை நிபுணரிடம் வரைபடம் வாங்கினேன், 90,000 ரூபாய். அழகான படம். அதில் எங்கள் கடை வாசலில் ஒரு லாரியும் இல்லை, சுமட்டுக்காரர்கள் இல்லை, மாடு இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காபி மெஷினுக்கு முன்பணம் 40,000 கொடுத்தேன், அது திரும்பி வரவே இல்லை.

2022 பிப்ரவரியில் முகப்பு வேலை. உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே நல்ல பெயின்ட் அடித்து, மரப்பலகைகளுக்கு வார்னிஷ் போட்டார்கள். மூன்று வாரம், 1,85,000. பெயர்ப்பலகை, விளக்கு 27,000. சாயங்கால வெயிலில் அப்படி ஒரு பளபளப்பு! எதிர்க்கடை அண்ணாச்சி ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். அரைமணி நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தார். “கடை நல்லா வந்திருக்கு பிள்ளே. நம்ம பங்கு எவ்வளவு தேறும்?”

அதுவரை அது அப்பாவின் கடை என்றே நினைத்திருந்தேன். பட்டாவை எடுத்துப் பார்த்தால் தாத்தா பெயர். தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள். இப்போது உயிரோடிருக்கும் வாரிசுகள் 11 பேர், ஒருவர் மஸ்கட்டில், ஒருவர் எங்கே என்றே இரண்டு மாதம் தெரியவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. பூட்டிக் கிடந்தவரை யாருக்கும் அதில் ஆசையும் இல்லை. பெயின்ட் அடித்ததும் ஆசை வந்தது, அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, போட்டோ போட்டது நான். நீங்கள் பழைய கட்டடத்தில் கை வைக்கிற ஆளாக இருந்தால், ஒரு ஆணி அடிப்பதற்கு முன்னால் பங்குக்காரர்கள் எல்லாரையும் கண்டுபிடித்துப் பேசுங்கள். இடிந்து கிடக்கும்போது பேசினால் ஒரு விலை, மினுங்கும்போது பேசினால் வேறு விலை.

காகிதம் சரியாக 14 மாதம் ஆனது. எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது என்பதைப் பள்ளிப் பாடமாகப் படித்திருக்கிறோம். அது ஒரு பத்திரத்துக்குள் என்ன செய்யும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தாத்தாவின் பிரமாணம், அதாவது பத்திரம், மலையாள எழுத்தில், தேதி கொல்லம் ஆண்டில், நீள அகலம் கோல், விரல் கணக்கில். நான்கு எல்லையும் ஆள் பெயரால் சொல்லியிருந்தது, அந்த ஆட்கள் செத்துப் பல வருஷம். எழுத்து பெயர்ப்புக்கு ஒருவரைப் பிடித்தேன். அளவு மட்டும் அவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் அதைத் தீர்த்தவர், வேறொரு வேலைக்குக் கூப்பிட்டிருந்த களியக்காவிளைப் பக்கத்து ஆசாரி. “ஒரு கோல்னா எழுபத்திரெண்டு சென்டிமீட்டர், மக்களே. இருபத்திநாலு விரல்” என்று சொல்லி, தன் பழைய மரக்கோலை எடுத்துச் சுவரோரமாக வைத்து வைத்து நகர்ந்தார். பத்திரத்தில் உள்ளபடியே சுவர் நின்றது, பின்பக்கம் ஒன்றரைக் கோல் மட்டும் பக்கத்துக்காரர் பக்கம் போயிருந்தது. அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் இதை எழுத இன்னும் பத்து வருஷம் ஆகியிருக்கும்.

பாட்டியின் இறப்பு எங்குமே பதிவாகவில்லை. அதற்குக் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம் வரை போக வேண்டி வந்தது. பழைய குடும்பச் சொத்து உள்ளவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இறந்துபோன ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தேவை வரும்போது தேடினால் அது ஒரு வருஷத்தைத் தின்னும். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதும்போது குடும்பத்துக்குள் என்றால் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் உறவு என்று நாம் நினைக்கிற எல்லாரும் அந்தச் சலுகைக்குள் வருவார்கள் என்று நம்பிவிடக் கூடாது. பத்திர எழுத்தரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் 11 பேரில் நான்கு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தேன். செலவு முழுக்க என்னுடையது, முதல் 6 வருஷ வாடகை எனக்கு, அதன் பிறகு பங்குப்படி. இது எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,65,000 ஆனது. அந்தப் பணம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இந்த 14 மாதத்துக்குள் மழை சும்மா இருக்குமா? எங்கள் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. 2022 ஆடி முடிவதற்குள் என் 1,85,000 ரூபாய் முகப்பில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைவெள்ளையாக உப்புப் பூத்தது. ஐப்பசியில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி, தொட்டால் கையோடு வந்தது. உள்சுவரில் ஈரம் இடுப்பு வரை ஏறியிருந்தது, முன்னால் அது அங்கே கிடையாது. காரணத்தை ஒரு வயதான கொத்தனார் சொன்னார். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விடும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. தண்ணீர் வேறு வழி தேடி மேலே ஏறும், உள்ளே போகும், கூடவே உப்பைக் கொண்டுபோய்ச் சுவரையே அரிக்கும். “சுவரோட மூக்கைப் பொத்திட்டீங்க” என்றார். பொத்தினதை எடுக்க மேற்கொண்டு 38,000. சிமென்ட் வரும்போது சும்மா வரவில்லை, பழைய கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய பயம் மேலே இருந்தது. 2014 நவம்பர் மழையில் புதுச்சேரிக் கடற்கரையில் மேரி கட்டடம் அப்படியே சரிந்து விழுந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு நின்ற பிரெஞ்சுக்காலக் கட்டடம் அது. பிறகு பழைய மாதிரியே புதிதாகக் கட்டினார்கள். அரசாங்கம் திரும்பக் கட்டும், நம்மால் முடியுமா? ஆசாரியைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாக மச்சுக்கு மேலே ஏறினேன். ஆம், முதல்முறையாக! கட்டடத்தின் மேல் 3 லட்சம் செலவழித்த பிறகு. அவர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்களின் நடுப்பகுதியை அவர் தொடவே இல்லை. சுவருக்குள் போகிற நுனியில் மட்டும் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். சிலவற்றில் டக் என்று சத்தம் வந்தது. சிலவற்றில் சத்தமே இல்லை, கம்பி பிடி வரைக்கும் இறங்கியது. ஈரக் கருப்பட்டியில் குத்துகிற மாதிரி. 64 கழுக்கோலில் 41-க்கு நுனி போயிருந்தது. நடு மரம் எல்லாம் அயினியும் தேக்கும், இரும்பு மாதிரி நின்றது.

வேறு ஆளாக இருந்தால் மொத்தத்தையும் பிரித்து இரும்புக் குழாயும் தகரமும் போடச் சொல்லியிருப்பார். உண்மையில் ஒருவர் சொல்லவும் செய்தார், விலையும் குறைவுதான். ஆசாரி கெட்ட நுனியை மட்டும் அறுத்துவிட்டு, அதே ஜாதிப் பழைய மரத்தில் ஒட்டு வைத்தார். காகிதம் முடிந்தது 2023 ஜூன். அப்போது கூரையைப் பிரிக்க முடியாது. இன்னும் ஏழு மாதம் காத்திருந்து 2024 ஜனவரியில்தான் ஓட்டை இறக்கினோம். எங்கள் பக்கத்தில் கூரை வேலைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நம்பலாம். அந்த நாலு மாதத்தை முதலில் காலண்டரில் குறித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி பின்னோக்கித் திட்டமிடுங்கள். ஓடு விஷயத்தில் ஒரு நுணுக்கம். மங்களூர் ஓடு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி பூட்டுகிற வரம்பு மாறும். கலந்து போட்டால் மழை உள்ளே வரும். ஓட்டின் பின்புறம் அச்சான பெயரைப் பார்த்து, அதே பெயர் உள்ள ஓட்டை இடித்த வீடுகளிலிருந்து வாங்கினோம். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடு பிடிக்கும். 2,000 ஓட்டில் 700 தான் வெளியே வாங்க வேண்டி வந்தது. மீதியை முற்றத்தில் போட்டு நார் வைத்துக் கழுவினோம், நூறு வருஷக் கரி. கூரைக்கு மட்டும் 6,40,000. மச்சுப் பலகை 1,75,000.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சிப்பிச் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி மூன்று வாரம் போட்டுவைத்தார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் சேர்த்து அரைத்தார்கள். கருப்பட்டி விற்ற கடைக்குக் கருப்பட்டி! ஒரு பூச்சு காய்ந்து அடுத்த பூச்சுக்கு நாள் ஆகும், நடுவில் ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். கொத்தனாருக்கு நாள் கூலி 1,200, சிமென்ட் கொத்தனாரைவிட அதிகமில்லை. நாள்தான் அதிகம். உள்ளும் புறமும் சேர்த்து 3,20,000. சாந்து அரைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் ஓரிரண்டு பேர்தான், எல்லாரும் 60-ஐத் தாண்டியவர்கள். அவர்களுடைய கையாளாக ஒரு சின்னப் பையனை நம் செலவில் நிறுத்துவது நல்லது. அடுத்த கட்டடத்துக்கு ஆள் வேண்டுமே.

கஃபே என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நடு அறையின் சாவி என்னிடம் இல்லை. அது பழைய தையல்காரரின் மகனிடம் இருந்தது, மாத வாடகை 120 ரூபாய், அதையும் 2009-க்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் போய் அவர் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். புதிய வாடகை தருகிறேன், எழுதியும் தருகிறேன், ஒரே ஒரு காரியம் செய்து கொடுங்கள் என்றார். “அக்கா, பின்னால ஒரு கக்கூஸ் கட்டுங்க. நம்ம கிட்ட ரவிக்கை தைக்க வர்ற பொம்பளைங்க ரெண்டு நிமிஷம் உக்கார மாட்டாங்க, காரணம் அதுதான்.” நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் நடந்த எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்கே அந்தக் கஷ்டம் உண்டு, அவசரமாக வாங்கிவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். 90,000 ரூபாய் வரைபடத்தில் மூலிகைத் தோட்டம் இருந்த இடத்தில் இரண்டு கழிப்பறை கட்டினேன். கால்வாயும் சேர்த்து 1,10,000. மொத்தச் செலவில் தெருவுக்கு உயிர் கொடுத்தது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அப்புறம் எல்லாம் அதன் போக்கில் வந்தது. கழிப்பறை இருக்கிறது என்றதும், நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு பார்சல் அனுப்பும் ஐந்து பெண்கள் மேல் மச்சைக் கேட்டார்கள். அவர்களுக்குக் காற்றோட்டமும் இடமும் வேண்டும், கீழே தெருவில் வண்டி நிற்க வேண்டும். காலை 9 மணி வரை அந்தத் தெரு மொத்த வியாபார லாரிகளுக்கு, அதன் பிறகு இவர்களுக்கு. முன்னறையில் சுக்கு, மல்லி வியாபாரி. மூன்றாவது அறையில் மட்டி வாழைப்பழம் விற்கும் ஒருவர். 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்க்காரர்கள் கேட்டு வருகிறார்களாம். கொச்சியில் படகிறங்கி வருகிற கூட்டம் காபி குடிக்கும். இங்கே வருகிறவர்கள் கல்யாணச் சாமான் வாங்க வருகிறார்கள். 150 ரூபாய்க்கு யார் இங்கே காபி குடிப்பார்கள்? உங்கள் கட்டடத்துக்கு என்ன வரவேண்டும் என்று யோசிக்கும்போது ஒரு வாரம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், எதற்காகத் திரும்பிப் போகிறார்கள் என்று எழுதுங்கள். அதற்கு 90,000 ஆகாது.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது, அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நான்கு பேரோடும் எழுதிப் பதிவு செய்தேன், தையல்காரரோடும் தான். வயரிங்கை மரத்துக்குள் ஓட்டைபோட்டு இழுக்காமல் குழாயில் வெளியே விட்டேன், 1,40,000. பார்க்கக் கொஞ்சம் அசிங்கம். ஆனால் மரக்கட்டடத்தில் தீ பயம் பெரிது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. உருப்படியாகச் செலவானது 15,50,000. வீணானது 3,80,000. காலம் இரண்டரை வருஷம், முறையாகப் போயிருந்தால் ஒன்றேகால் வருஷத்தில் முடிந்திருக்கும். மாத வாடகை இப்போது 35,000 வருகிறது. 6 வருஷத்தில் போட்டது வந்துவிடும், ஆனால் அது பெரிய லாபம் இல்லை. வங்கியில் போட்டிருந்தால் நிம்மதியாக வட்டி வாங்கியிருப்பாய் என்று அண்ணன் இன்னும் சொல்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை.

ஒரு கட்டடத்தால் தெரு திரும்பிவிடாது என்பதும் தெரிகிறது. புதுச்சேரி வைசியாள் வீதியில் பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் நகராட்சியும் வீட்டுக்காரர்களும் செலவைப் பகிர்ந்து வரிசையாகப் பல முகப்புகளைச் சேர்த்துச் சரி செய்தார்கள், அதனால்தான் அது ஒரு தெருவாகத் தெரிகிறது. எங்களிடம் அப்படிப் பணம் இல்லை. ஆனால் எங்கள் வரிசையில் இரண்டு பேர் கொத்தனாரின் நம்பர் கேட்டார்கள். போன மாதம் எதிர்க்கடை அண்ணாச்சி கூப்பிட்டார். மூன்று நிற அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு முகப்புக்கு எது எடுக்கும் என்று கேட்டார். நான் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். “நிறம் அப்புறம் பார்ப்போம் அண்ணாச்சி,” என்றேன். “ஏணி எங்க இருக்கு?”